செவ்வாயும் வெள்ளியும் ஆடிய முள்

1. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், எங்கள் அம்பாசிடர் காரின் ஸ்பீடோமீட்டர் முள் இருபதுக்கும் அறுபதுக்கும் இடையே வெடவெடவென்று ஆடியது. உள்ளேயிருந்து 'கிர்ர்' என்று ஒரு சத்தம்.
2. மெக்கானிக் வந்து கேபிளை மாற்றினார்.
3. இரண்டு வாரத்தில் முள் மறுபடி ஆடத் தொடங்கியது.
4. அம்மா டார்ச் பிடிக்க, நான் டாஷ்போர்டுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன்.
5. காரணத்தைக் கண்டுபிடித்து அப்பாவிடம் சொன்னேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அருப்புக்கோட்டையில் அப்பாவுக்கு மிளகாய் வத்தல், மல்லி கமிஷன் கடை. அந்தக் காருக்குள் ஏறினாலே வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட் தொடையைச் சுடும். வத்தல் நெடியில் தும்மல் வரும். லோடு ஏற்றும்போது அப்பா லாரியிலிருந்து விழுந்து, காலில் கம்பி வைத்த பிறகுதான் அம்மா வண்டி ஓட்டப் பழகினார். எங்கள் தெருவில் கார் ஓட்டிய முதல் பெண் அவர் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அந்தக் கார் போகலாம் என்று அனுமதிக்கப்பட்ட இடங்கள் மூன்றுதான்: வீடு, பள்ளிக்கூடம், கடை. மூன்றையும் சுற்றி வர ஒரு நாளைக்கு ஒன்பது கிலோமீட்டர். காலை மடக்கி உள்ளே எட்டிப் பார்க்க அப்பாவால் முடியாது என்பதால், தினமும் சாயங்காலம் என்னைத்தான் அனுப்புவார்.

"மீட்டரு எம்புட்டுன்னு பாத்துட்டு வாத்தா."

நான் ஓடிப்போய் எண்ணைப் படித்து வந்து ஒப்பிப்பேன். அவர் மனதுக்குள் கழித்துப் பார்ப்பார். ஒரு நாள் பதினொன்று வந்தது. "அந்த ரெண்டு எங்க போச்சு?" என்று அம்மாவைக் கேட்டார். ரோட்டில் பள்ளம் தோண்டியிருந்ததால் சுற்றி வந்ததை அம்மா தெருப் பெயர்களோடு விவரமாகச் சொல்ல வேண்டியிருந்தது. வெடுக்கென்று ஒரு சொல் இல்லை, அடி உதை இல்லை. ஒரு எண்ணை வைத்துக்கொண்டே எங்கள் வீடு அமைதியாக நடந்தது. அந்த எண்ணைக் கொண்டு வந்து கொடுத்தவள் நான்.

முள் மறுபடி ஆடிய பின், ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வீட்டுக்கே வந்தார்.

"அண்ணாச்சி, போட்டது புதுக் கேபிளு. இதுக்கு ஆட்டம் வரவே கூடாது. வண்டிய எதும் பேய்கீய் ஓட்டுதா?"

"ஏலே, பேயி ஓட்டுனா நம்ம பெட்ரோலயா குடிக்கும்?" என்று அப்பாவும் சிரித்தார்.

நான் பள்ளி டைரியின் பின்பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினேன். ஆடிய நாள், ஆடாத நாள் என்று இரண்டு வரிசையாக எழுதி வைத்திருந்தேன். "செவ்வாயும் வெள்ளியும் மட்டுந்தேன்ப்பா ஆடுது. மத்த நாளு நல்லா ஓடுது."

"பாப்பாவ எங்கிட்ட வேலைக்கு விட்டுருங்கண்ணாச்சி" என்றார் மெக்கானிக்.

அந்தப் பாராட்டோடுதான் காருக்குள் நுழைந்து படுத்தேன். "விடு தாயி, அவரு பாத்துக்கிருவாரு" என்றார் அம்மா. நான் விடவில்லை. கியர்பாக்ஸிலிருந்து சுழன்று வரும் ஒரே கேபிள்தான் வேகம் காட்டும் முள்ளையும் கிலோமீட்டர் எண்ணையும் ஓட்டுகிறது. மீட்டருக்குப் பின்னால் கையால் திருகக்கூடிய ஒரு நட்டு அதைப் பிடித்திருக்கிறது. டாஷ்போர்டின் உட்புறம் முழுவதும் கரிசல் தூசி படிந்திருக்க, அந்த நட்டு மட்டும் விரல் பட்டுப் பட்டுப் பளபளத்தது. தொட்டதும் சுழன்றது. டார்ச் வெளிச்சம் ஒரு நொடி விலகி, மறுபடி வந்து சரியாக அந்த இடத்திலேயே நின்றது.

வெளியே வந்து, வகுப்பில் பதில் சொல்வதுபோல் சொன்னேன். "கேபிளு மேல தப்பில்லப்பா. செவ்வாயும் வெள்ளியும் யாரோ நட்டக் கழட்டிவிட்டு ஓட்டிட்டு, திரும்ப மாட்டுறாக. அவசரத்துல சரியா முடுக்கல. அதான் ஆடுது."

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்தார். "நாளைக்கு வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா வெகுநேரம் டைரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவிடம் கேட்டார்.

"பொட்டப் பிள்ளையா?"

எனக்குப் புரியவில்லை. செவ்வாயும் வெள்ளியும் பெண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள் என்பது தெரியும்; அதைக் காரோடு சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. அம்மாவின் தங்கை, என் சித்தி, வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டு திருச்சுழியில் இருந்தார். அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. ஆனால் அவருக்குப் பிள்ளை பிறந்த செய்தி எப்படியோ அப்பா காதுக்கு எட்டியிருக்கிறது.

"ஆமா" என்றார் அம்மா. "தல நிக்காத பிள்ளையத் தூக்கவே அவளுக்குப் பயமா இருக்கு. எண்ண தேச்சுக் குளிப்பாட்ட அங்க வேற ஆளில்ல."

பஸ்ஸில் போனால், கடைக்கு விளைச்சலைக் கொண்டுவரும் சம்சாரிகள் யாராவது பார்த்துவிடுவார்கள். தாலுகா ஆபீஸ் இருக்கும் திருச்சுழியிலோ, ஆபீசர் வண்டி என்று நினைத்து வெள்ளை அம்பாசிடரை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் அந்த வெயிலில் கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டு, வேகம் காட்டாத மீட்டரோடு, இஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டு ஓட்டிப் போய் வந்திருக்கிறார். பழைய வண்டி பெட்ரோல் கூடக் குடிக்கிறது என்று அவர் சொன்னதை எல்லோரும் நம்பியிருந்தோம்.

"சாவியக் குடு" என்றார் அப்பா.

அம்மா கொடுத்தார். மறுநாளிலிருந்து ஒரு டிரைவர் வந்தார். அந்த ஞாயிறு இரவு சாப்பாடு போடும்போது அம்மா என்னிடம், "நல்லாத்தேன் கண்டுபிடிச்ச" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் அழுது முடித்திருப்பேன்.

இப்போது நான் அளவுக் கருவிகளைச் சோதித்துச் சான்று தரும் வேலையில் இருக்கிறேன். அப்பாவுக்குக் கடை இல்லை. பழைய கார் சேகரிப்பவர்கள் எங்கள் அம்பாசிடரை விலைக்குக் கேட்டுப் போன் செய்து, மீட்டர் ஓடுகிறதா என்று கேட்கிறார்கள். ஓடுகிறது, எந்தக் கோளாறும் இல்லை. அம்மாவின் லைசென்ஸ் காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்கவில்லை. சித்தி குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டதாகக் கேள்வி. அந்தப் பிள்ளைக்கு இப்போது பதினாறு வயதாவது இருக்கும். அவள் பெயர் அம்மாவுக்கு மட்டும் தெரியும். நான் இன்னும் கேட்கவில்லை.