வாழைக்குப் போன தண்ணீர்

என் கணவர் மலையேற்றப் பயிற்சியாளர். நான்கு பேர் குழுவோடு தென்துருவப் பனியில் சறுக்குவண்டி இழுத்துப் பல வாரம் நடக்கப் போவதாக ஒருநாள் சொன்னார். சத்துணவியல் படித்தவள் என்பதால் சாப்பாட்டுத் திட்டமும் என் தலையில் விழுந்தது. இரண்டு வயது மகளுக்கு இன்று வயிறு நிறைந்ததா என்பதிலேயே தினமும் சந்தேகப்படுகிறவள் நான்.

நாளெல்லாம் குளிரில் வண்டி இழுப்பவர் வெண்ணெயைக் கட்டிகட்டியாகத் தின்ன வேண்டுமாம். நம்பாமல் மறுபடி மறுபடி கணக்குப் போட்டேன். அதே விடைதான் வந்தது. வெண்ணெயோடு சேர்த்துச் சாப்பிட ஊர்ச் சாப்பாடும் கொஞ்சம் இருக்கட்டுமே என்று எங்கள் காட்டில் விளைந்த மரவள்ளிக் கிழங்கைச் சீவி, வெயிலில் காயவைத்தேன்.

அங்கே தண்ணீர் கிடையாது. பனியை உருக்கித்தான் குடிக்கவும் சமைக்கவும் வேண்டும். கொண்டுபோகும் எரிபொருள் தீர்ந்தால் தாகத்துக்கும் வழியில்லை. அதனால் ஒரு நாளைக்கான எரிபொருளை மட்டும் ஊற்றி, பயண அடுப்பில் சமைத்துப் பார்க்க முடிவு செய்தோம். பனிக்கட்டிக்கு வீட்டு ஃப்ரிட்ஜ்தான்.

“இருக்கற போசியெல்லாம் ஐஸ் கட்டிக் கெடக்குது. கொழம்ப எதுல வெக்கறதாமா?” என்றார் மாமியார்.

கட்டிகள் உருகவே வெகுநேரம் ஆனது. ஒருவழியாகக் கிழங்கு கொதித்தது. நான் சட்டியை இறக்கினேன், மூடியைச் சாய்த்துப் பிடித்தேன், கொல்லை வாழைக்குத் தண்ணீரை வடித்தேன்.

“ஏம்புள்ள! குடிக்கற தண்ணியவா வாழைக்கு ஊத்துன?” என்று கத்தினார் கணவர்.

“மொதத் தண்ணிய வடிக்காட்டி எப்புடீங்க? கசக்குமுங்க. வாந்தி வருமுங்க.”

எங்கள் மரவள்ளி கசப்பு ரகம். அதை வடிக்காமல் சாப்பிடுகிற வீடு இங்கே இல்லை. மறுபடி உலை வைக்க அடுப்பைப் பற்றவைத்தேன். நீலமாக இரண்டு முறை துடித்து அணைந்தது. கையில் பாதி வெந்த கிழங்கு, எதிரே காலி எரிபொருள் புட்டி. என் கை என்னைக் கேட்காமலே அந்தத் தண்ணீரைக் கொட்டியிருந்தது.

அவர் புட்டியை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். “அங்க இருந்திருந்தா நானும் இதத்தான் பண்ணியிருப்பேன்” என்றார்.

மறுநாளே முறையை மாற்றினேன். இங்கேயே வேகவைத்து, வடித்து, மறுபடி வேகவைத்து, வடித்து, காயவைத்துப் பொடித்தேன். பனியில் சுடுநீர் ஊற்றிக் கிளறினால் போதும். கசப்பு முழுக்கப் போயிருக்குமா? சில நாள் நானே தின்று பார்த்த பிறகுதான் மூட்டை கட்டினேன்.

இப்போது அவர் பனியில் நடந்துகொண்டிருக்கிறார். நேற்று மாமியார் கிழங்குச் சட்டியைக் கொல்லைப்பக்கம் சாய்த்தார்.

“ஐயோ, கொட்டாதீங்க!” என்று ஓடினேன்.

“கொட்டாம? நீயா குடிக்கப்போற, சாமி?” என்றார்.

வாழையடியில் ஆவி பறந்துகொண்டிருந்தது.