மாமாவுக்குப் போட்ட தாழ்ப்பாள்

அண்ணன் மகன் வாரத்துக்கு ஒரு ஜாம்பி படமாவது பார்த்துவிடுகிறான். எல்லாவற்றிலும் ஒரே கதைதான். செத்தவர்கள் எழுந்து நடப்பார்கள், உயிரோடிருப்பவர்கள் கதவைச் சாத்துவார்கள். பேய்ப்படம் பிடிக்காதா என்று கேட்டேன். “பேய் யாரோ ஒருத்தர், அத்த. இது நம்ம வூட்டு ஆளு மாதிரியே வரும். அதான் கிக்கு,” என்றான். எனக்கு அது பழைய செய்தி.

நான் மூன்றாம் வகுப்பு முடித்த விடுமுறையில் அம்மாவின் தம்பி எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தார். அதுவரை பெங்களூரில் வேலை பார்த்தார் என்றார்கள். நான் நம்பவில்லை. அவருடைய சர்டிபிகேட் ஃபைல் எங்கள் பரண்மேல்தான் கிடந்தது. அவர் போன அன்று எங்கள் பீரோக் கண்ணாடி உடைந்திருந்தது. காற்றில் உடைந்தது என்றார்கள். பீரோக் கதவில் பதித்த கண்ணாடி எந்தக் காற்றில் உடையும்?

போனவர் வேறு, வந்தவர் வேறு. கையை விட்டு சைக்கிள் ஓட்டிக் காட்டிய மாமா, இப்போது பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். கைகள் வீசவில்லை. முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. கூப்பிட்டால் சற்றுக் கழித்துத்தான் திரும்பினார். அதுவும் கழுத்து மட்டுமல்ல, உடம்பு முழுவதும் திரும்பியது.

பெரியப்பா மகன், அதாவது இன்று படம் பார்க்கிறவனின் அப்பா, டிவியில் வரும் டப்பிங் படங்களில் தேர்ந்தவன். பார்த்தவுடன் சொல்லிவிட்டான்.

“கன்ஃபார்ம்டி. உங்க மாமா ஜாம்பி.”

“ஜாம்பி இட்லி துன்னுமா?”

“மொதல்ல இட்லி துன்னும். அப்பறம் உன்னத் துன்னும்.”

அன்றிலிருந்து படுக்கப் போகும்போது எங்கள் அறைக்குத் தாழ்ப்பாள் போட்டேன். திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். அம்மா எழுந்து வந்து, தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுப் படுத்தாள். அரிவாள்மனை சமையலறையிலிருந்து பீரோவுக்குள் போயிருந்தது. அம்மாவும் அந்தப் படங்களைப் பார்த்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஒருநாள் அப்பா சொன்னார்: “பௌர்ணமி வரைக்கும் பாப்போம். இப்படியே இருந்தா திரும்ப ஆஸ்பத்திரியிலயே வுட்டுடலாம். வூட்ல கொழந்த இருக்குது.” மாமா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது கேட்காது என்பதுபோல்தான் எல்லோரும் பேசினார்கள்.

பௌர்ணமியன்று மதியத்துக்கு மேல் கிரிவலம் கிளம்பினோம். மலையைச் சுற்றினால் தம்பி தேறிவிடுவான் என்று அம்மா நம்பினாள். அண்ணனும் ஒட்டிக்கொண்டான். செங்கம் சாலைக்கு வந்ததும் நான் நின்றுவிட்டேன். சாலை நிறைய ஜாம்பிகள். செருப்பில்லாத கால்கள், மூடிய வாய்கள், மலையை விட்டு அசையாத கண்கள். ஒருவருக்கும் அவசரமில்லை. யார் கடிபட்டவர், யார் கடிபடாதவர் என்று பிரிக்க முடியவில்லை. மாமா அதற்குள் இறங்கி நடந்தபோது அவர் நடையில் குறை சொல்ல எதுவும் இல்லை.

அண்ணன் எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடினான். கீழ்பென்னாத்தூர்ப் பக்கமிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

“டேய், கிரிவலத்துல இன்னாடா ஓட்டம்? நெறமாசக்காரி மாதிரி நடக்கணும். தோ, அவரப் பாரு. எவ்ளோ நிதானமா அடி வெக்கிறாரு! அவருகிட்ட கத்துக்க.”

அவள் காட்டியது மாமாவை.

மாமா சற்றுக் கழித்து, உடம்பு முழுவதும் திரும்பி, அவளைப் பார்த்துக் கைகூப்பினார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா மாமாவின் பக்கத்தில் போய், அவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டு, தன் நடையைக் குறைத்தார். சுற்றி முடிக்கும்வரை இருவரும் அப்படியே நடந்தார்கள். எனக்கு அப்பா மீதும் சந்தேகம் வந்தது.

பௌர்ணமி போனது. மாமா போகவில்லை. நடையும் மாறவில்லை. அது நோயின் நடைகூட அல்ல, மாத்திரையின் நடை என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கிரிவலம் முடிந்து வந்து படுக்கும்போது வழக்கம்போல் தாழ்ப்பாளைத் தொட்டேன்.

“வேணாம் பாப்பா,” என்றாள் அம்மா.

“உனக்கு பயமா இல்லயா?”

“இருக்குது. நீ போடாத.”

பயம் இருக்கும்போது ஏன் போடக் கூடாது என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் தாழ்ப்பாள் பழைய இரும்பு. விழும்போது டங்கென்று சத்தம் வரும். கதவுக்கு அந்தப் பக்கம்தான் மாமா பாய் விரித்துப் படுத்திருந்தார்.