கூத்தாநல்லூர் சாலையில் கொஞ்சம் வெயில்

கேம்பர் வேனின் கூரையில் பொருத்தும் சோலார் பேனல் வேண்டாம், மடக்கி விரிக்கிற பேனல்தான் வேண்டும் என்று கடையில் அடம்பிடித்து வாங்கியவன் நான். வேன் நிழலில் நிற்கலாம், பேனல் மட்டும் வெயிலில் கிடக்கலாம். கூத்தாநல்லூர் தாண்டி ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் இப்போது அப்படித்தான் நிறுத்தியிருக்கிறேன். மரநிழல் விழாத தார்ச்சாலையில் பேனல் விரிந்து கிடக்கிறது. உள்ளே குட்டி ஃப்ரிட்ஜ் ஓடுகிறது.

எதிர்வீட்டு அம்மா, மழையில் நனைந்த குறுவை நெல்லைக் கூடையில் கொண்டுவந்து சாலையில் கொட்டுகிறார். பேனலைப் பார்க்கிறார். நெல்லைக் காலால் தள்ளித் தள்ளி நிழல் பக்கமாகப் பரப்புகிறார்.

இறங்கி ஓடுகிறேன்.

"எடுத்துடறேம்மா."

"இருக்கட்டும் தம்பி. எதுக்கு இது?"

ஐஸ்கிரீம் உருகாமல் இருக்க என்று சொல்ல வாய் வரவில்லை. பேனலை மடக்கிக்கொண்டே, "போனுக்குச் சார்ஜ் போடத்தாம்மா" என்கிறேன்.

"அதுக்கா இப்படிக் காத்துக் கெடக்குறீங்க? குடுங்க, வீட்டுல போட்டுத் தர்றேன். எம்மவன் குவைத்துல இருக்கான். அவன் போன் அணைஞ்சிருந்தா எனக்குச் சோறு எறங்காது. ஒங்க வீட்டுலயும் தேடுவாங்கல்ல."

கையில் ஒட்டிய ஈர நெல்லைப் புடவையில் துடைத்துவிட்டு நீட்டுகிறார்.

பையிலிருந்து போனை எடுக்கிறேன். சார்ஜ் முழுதாக இருக்கிறது. அவர் கண்ணில் படுவதற்குள் போனை அணைத்து, அந்தக் கையில் வைக்கிறேன்.