தடைக்காலத்தில் எண்ணிய கடல்

படகுகள் நிறைந்த கடலைக் காலி என்று எழுதிக் கையெழுத்திட்டவன் நான். தெரியாமல் செய்த பிழை அல்ல.

சரக்குக் கப்பல்களில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, நெல்லித்தோப்பில் குடியிருந்தேன். கடலில் காற்றாலை நிறுவ வந்த ஒரு கம்பெனி என்னைத் தேடி வந்தது. கோபுரங்கள் நிற்கப்போகும் இடம் கப்பல்கள் போகும் வழி. அந்தக் கப்பல்களைக் கரைப்பக்கம் ஒதுக்க வேண்டும். அங்கே மீன்படகுகள் எத்தனை என்று நான் எண்ணித் தர வேண்டும். மே மாதத்துக்குள் அறிக்கை வேண்டும் என்றார்கள். அது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன.

அவற்றில் ஒன்றின் சொந்தக்காரர்தான் தடைக்குள் வராத தன் சின்ன ஃபைபர் படகில் என்னைத் தினமும் கூட்டிப்போனார். மூன்றாம் நாள் என் நோட்டை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“கல்யாணத்துக்குப் போன வூட்டப் பாத்துட்டு, இங்க யாரும் குடியில்லன்னு எழுதுவீங்களா சார்?”

நானும் சிரித்தேன். அறிக்கையில் தேதிகளைப் போட்டேன். தடைக்காலம் என்ற சொல்லைப் போடவில்லை. எங்கோ தூரத்து அலுவலகத்தில் அதைப் படிப்பவருக்கு அவை தடைக்காலத் தேதிகள் என்று தோன்றாது என்று எனக்குத் தெரியும். கம்பெனி மறுபடியும் என்னைக் கூப்பிட வேண்டும் என்ற ஆசை.

காற்றாலைக்கான ஆய்வுக் கப்பல்கள் வந்து நின்றதும், என் அறிக்கையை வைத்து, சரக்குக் கப்பல்கள் கரைப்பக்கமாக விலகிப் போகும்படி அறிவிப்பு வந்தது. தடை முடிந்து படகுகளும் இறங்கின. ஐப்பசியில் ஒரு விடியற்காலை, மழை மூட்டத்திலிருந்து வந்த கப்பல் ஒன்று என்னைக் கூட்டிப்போன அந்தப் படகுக்காரரின் வலையோடு விசைப்படகையும் சேர்த்து இழுத்தது. வலைக் கயிற்றை வெட்டியதால் படகிலிருந்த ஆறு பேரும் பிழைத்தார்கள். கப்பலிலிருந்து யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லையாம்.

அன்றே கம்பெனிக்கும் கப்பல் போக்குவரத்து அலுவலகத்துக்கும் எழுதினேன். என் கணக்கு தடைக்காலத்துக் கணக்கு, செல்லாது. படகுகள் ஓடும் மாதத்தில் மறுபடி எண்ணுங்கள். அதுவரை கப்பல்களை இந்த வழியே விடாதீர்கள் என்று. பிறகு துறைமுகத்துக்குப் போய் அவரிடமும் ஒப்புக்கொண்டேன். மிச்சமிருந்த வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“அத வுடுங்க சார். நாளைக்கு நாங்க போலாமா, வாணாமா? அத மட்டும் சொல்லுங்க.”

மறுநாள் அவர்கள் போனார்கள்.

அறிக்கை ஏற்கெனவே ஏற்கப்பட்டுவிட்டது என்று கம்பெனி பதில் எழுதியது. அலுவலகத்திலிருந்து, பரிசீலனையில் உள்ளது என்று ஒரு வரி. கப்பல்கள் இன்னும் அந்த வழியாகத்தான் போகின்றன. இப்போதெல்லாம் அந்தப் படகில் ஆறு பேரில் ஒருவர் மட்டும் வலையைத் தொடுவதில்லை. கப்பல் வருகிறதா என்று பார்த்தபடி உட்கார்ந்திருப்பதுதான் அவர் வேலை.