நாற்பது வோல்ட் எங்கே போனது?

என் நாத்தனாருக்குத் தெருவில் 'எதுக்கும் அக்கா' என்று பெயர். யார் எந்தப் பொருளைக் கொண்டுவந்து நீட்டினாலும், "எதுக்கும் ஒரு தடவ அளந்து பாத்துடலாம்" என்பாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே என்னுடைய தலை உலர்த்தும் மெஷினைக் காணோம். தேடிப் போனால், அவள் மேஜையில் குடலைப் பிதுக்கிக்கொண்டு கிடக்கிறது. இது என்ன கூத்து என்று கேட்டேன். "ரெண்டு ஆம்பியர்னு போட்டிருந்துச்சு அண்ணி. நெஜமான்னு பாத்தேன்" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பேன்.

பதினோரு வருஷம் ஹீட்டர் காயில் செய்யும் தொழிற்சாலையில், பரிசோதனை மேஜையில் இருந்தவள். ஒவ்வொரு காயிலிலும் மின்சாரத்தை ஓடவிட்டு எத்தனை ஆம்பியர் என்று பார்ப்பதுதான் வேலை. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் காயிலின் தடை கிடைக்கும், ஓம் கணக்கில். அதே இரண்டையும் பெருக்கினால் எத்தனை வாட் என்று தெரியும். அங்கே வோல்ட் அசையவே அசையாது. அதைக் காவல் காக்கவே தனி இயந்திரம் உண்டு. காலையில் ஒரு தடவை அளந்து தாளின் தலையில் 230 என்று எழுதிவிட்டால், சாயங்காலம் வரை அதேதான்.

பிறகு மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு வேலையை விட்டாள். எங்கள் முன்னறையிலேயே ரிப்பேர் கடை போட்டாள். சரிசெய்த ஒவ்வொரு இஸ்திரிப்பெட்டியின் கைப்பிடி மூடிக்குள்ளும் அதன் தடையைப் பென்சிலால் எழுதி வைப்பாள். யார் பார்க்கப்போகிறார்கள் என்று நான் கிண்டல் செய்வேன்.

ஒருநாள் காலை, தையல்கடை மாஸ்டர் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

"இஸ்திரிப்பெட்டிக்குப் புது காயில்னு சொல்லிட்டு எதையோ பழசப் போட்டுக் குடுத்துட்டியேம்மா! காலர் மடிப்பே நிக்கல. வந்து பாரு!"

மாஸ்டர் கடைக்குப் போகாத வீடு எங்கள் தெருவில் இல்லை. அவர் வாயால் இவள் ஏமாற்றுக்காரி என்று பரவினால், கடையை இழுத்து மூட வேண்டியதுதான். நான் சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டேன். அவளோ, "சூடே வரலயா, கொஞ்சம் வருதா?" என்று ஆசையாக விசாரித்தாள். மீட்டர் பையைத் தூக்கிக்கொண்டு அவளே முன்னால் நடந்தாள்.

கடையில் இரண்டு தையல் மெஷின்கள், ஒரு வெட்டு மேஜை, சுவரை மறைத்துக்கொண்டு துணி ரேக். அதற்கு மேலே பரண். வேடிக்கை பார்க்க நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அவள் முதலில் பிளக் பாயிண்டில் வோல்ட்டை அளந்தாள். 230. பிறகு இஸ்திரிப்பெட்டியைப் போட்டு, ஒற்றை வயரைச் சுற்றி மீட்டரைக் கவ்வவிட்டாள். 3.6 ஆம்பியர். மாஸ்டரின் சாக்குக்கட்டியை எடுத்து மேஜையிலேயே வகுத்தாள். 64 ஓம். கைப்பிடி மூடியைத் திறந்தாள். உள்ளே அவள் கையெழுத்தில் 53 என்று இருந்தது.

"பாத்தீங்களா எல்லாரும்? அதுவும் இவ எழுதினது, இதுவும் இவ போட்ட கணக்கு. ஒத்துப்போகுதா?" என்றார் மாஸ்டர்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் பழைய காயிலைச் செருகிவிட்டாளோ என்று எனக்கும் தோன்றியது. அவளைவிட்டு ஓரடி தள்ளிக்கூட நின்றேன்.

அவள் அந்த 230ஐயே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, இது ஃபேக்டரி இல்லையே! பெட்டியப் போடுறதுக்கு முன்னாடியே வோல்ட்ட அளந்து வச்சுட்டேனே!"

பெட்டி சூடாகிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துத் துளையில் மீட்டரை வைத்தாள். 190. அதை 3.6ஆல் வகுத்தாள். ஐம்பத்து மூன்றை ஒட்டி வந்தது. அவள் போட்ட அதே காயில்தான். பெருக்கிப் பார்த்தாள், 684 வாட். ஆயிரம் வாட் பெட்டிக்கு அது எந்த மூலைக்கு? மடிப்பு எப்படி நிற்கும்?

மாஸ்டரை நாலு கேள்வி கேட்க நான் வாயெடுத்தேன். "இருங்க அண்ணி, மிச்ச நாப்பது வோல்ட் எங்க போச்சு?" என்று மறுபடி சாக்குக்கட்டியை எடுத்தாள். நாற்பதை 3.6ஆல் பெருக்கினால் 144 வாட்.

"மாஸ்டர், பெரிய குண்டு பல்ப விட அதிக சூடு இந்தக் கடைக்குள்ள எங்கயோ இருக்கு. பல்புன்னா வெளிச்சமாவது தெரியும். ரேக்குக்குப் பின்னால வயர் ஒட்டு இருக்கா?"

"ரேக்க இங்க மாத்தினப்ப பிளக் பாயிண்ட அந்தப் பக்கம் தள்ளினேன், வயர் பத்தல. நான்தான் முறுக்கி டேப் சுத்துனேன்" என்றார் அவர். சுருதி இறங்கியிருந்தது.

அவள் ஓடிப்போய் மெயினை அணைத்தாள். எல்லோருமாகத் துணிக்கட்டுகளை இறக்கினோம். கடைசிக் கட்டின் முதுகு பழுப்பேறி, தொட்டதும் பொடிந்தது. ஒட்டில் சுற்றிய டேப் உருகிச் சுவரோடு வழிந்திருந்தது. மாஸ்டர் நிமிர்ந்து பரணைப் பார்த்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் மனைவி படுத்துத் தூங்குவது அங்கேதான். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கூடியிருந்தவர்கள் முன்னாலேயே, "என் வாயிலதாம்மா கோளாறு" என்று கைகூப்பினார்.

திரும்பி நடக்கும்போது எனக்கு உறுத்தியது. "நானும் ஒரு நிமிஷம் உன்னச் சந்தேகப்பட்டுட்டேன்" என்றேன்.

"தெரியும் அண்ணி. தள்ளி நின்னீங்களே" என்றாள். குரலில் கோபமில்லை. "அறுபத்துநாலுன்னு வந்ததும் நானும் சந்தேகப்பட்டேன். மீட்டர, வயர, என்னைய, எல்லாத்தையும். நீங்க என்னைய மட்டும்தான் சந்தேகப்பட்டீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கையிலிருந்த பையை வாங்கி நானே சுமந்துகொண்டு வந்தேன்.