கும்மிக் கொட்டுச் சத்தத்தில் நான் கை வைத்த நாள்

சென்ற ஆண்டு பங்குனிப் பொங்கலன்று, திருச்சுழிப் பக்கம் உள்ள எங்கள் ஊர் அம்மன் கோயில் திடலில் நடந்தது இது. எழுபதை நெருங்கும் வயதில் நான் செய்த தவறு என்பதால் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

என் மருமகள் கணினியில் இசை அமைப்பவள். முளைப்பாரிக் கும்மிக்காக ஊர்ப் பெண்களையே பாட வைத்துப் பதிவு செய்து, கொட்டுச் சத்தத்தைக் கணினியிலேயே உருவாக்கிச் சேர்த்திருந்தாள். கும்மியை நடத்தும் என் மதினி லேசில் மசியவில்லை. "ஒரு தடவ பாப்போம்த்தா. சரிப்படலேன்னா அடுத்த வருசம் பழையபடி சினிமாப் பாட்டுதான்" என்று சொல்லிவிட்டார்.

அவள் உழைப்பைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். ஈக்வலைசரில் இரைச்சலைக் குறைப்பாள். எதிரொலியை உப்புப் போடுவது போல அளவாகச் சேர்ப்பாள். மாஸ்டரிங் என்பது கடைசி வேலை. எதில் போட்டாலும் பாட்டு கெடாமல் கேட்கும்படி மொத்தத்தையும் இழைத்தெடுப்பது. அதற்காகப் பந்தல்குடி மினிபஸ்ஸில் டிரைவரிடம் கெஞ்சிப் போட்டுக் கேட்டாள். மைக்செட் கடைக்கே போய்க் குழாய் ஸ்பீக்கரிலும் கேட்டாள்.

நானோ மகன் அனுப்பிய விலை உயர்ந்த ஹெட்போனில் கேட்டேன். கொட்டு கரகரவென்று இருந்தது. சொன்னேன்.

"குழாயில 'பேஸ்'ங்கிற கனத்த சத்தம் எடுபடாது மாமா. இப்படிக் கரகரப்பு ஏத்துனாத்தான் கொட்டுன்னு ஒண்ணு இருக்குறதே தெரியும்" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்றது. நாற்பது வருடம் கச்சேரி கேட்ட காது என்ற இறுமாப்பு வேறு. பொங்கலன்று காலை அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது, பார்த்துப் பழகிய தைரியத்தில் அந்தக் கரகரப்பை நீக்கி, பேஸைக் கூட்டி, பென் டிரைவில் ஏற்றி மைக்செட்காரரிடம் நானே கொடுத்துவிட்டேன்.

பெண்கள் முளைப்பாரியை நடுவில் வைத்துச் சுற்ற ஆரம்பித்தார்கள். குழாயில் குரல் மட்டும் வந்தது, கொட்டுச் சத்தத்தைக் காணோம். முன்னால் போனவர்கள் ஒரு தாளத்திலும் பின்னால் வந்தவர்கள் வேறொரு தாளத்திலும் கைதட்டினார்கள்.

"ஏத்தா, கொட்டுக்காரன் எங்க? பந்தியில உக்காந்துட்டானா?" என்று மதினி கத்தினார். திடலே சிரித்தது.

தொடங்கிய கும்மி பாதியில் நிற்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். மருமகள் ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கி, பக்கத்தில் நின்றவரிடம் பிடிக்கச் சொல்லி, அதன் முன் தன் கைகளைத் தட்டினாள். அந்தத் தட்டலைப் பிடித்துக்கொண்டு வட்டம் மெல்லச் சேர்ந்தது. அசல் பாட்டு இருந்த அவள் செல்போனை மைக்செட்காரர் இணைக்கும் வரை அவள் தட்டுவதை நிறுத்தவே இல்லை. பிறகு அவளுடைய பாட்டு வந்தது. நான் வேண்டாம் என்று கழித்த அதே கரகரப்பு, திடலின் கடைசி வரை அடி அடியாகக் கேட்டது. மதினி குனிந்து நிமிர்ந்து தட்டிய வேகத்தில் கொண்டையே அவிழ்ந்துவிட்டது.

முடிந்ததும் விழாக்குழுப் பெரியவர் வந்தார். "முதல்ல ஏன் சொதப்புச்சு? யாரு கொடுத்தா அத?"

"நாந்தான் சித்தப்பா. பாட்ட மாத்தி ஏத்திட்டேன்" என்றாள் மருமகள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை அவளிடம் ஒப்புக்கொண்டேன். "அப்பவே தெரியும் மாமா. நம்ம வீட்டுல வேற யாரு பேஸ இவ்வளவு கூட்டுவா?" என்றாள். பிறகு மதினி வீட்டுக்கும் போய் உண்மையைச் சொன்னேன். "அவ சொல்லும்போதே ஒங்க மூஞ்சியப் பாத்தேன் கொழுந்தனாரே" என்று காபியை நீட்டினார்.

மருமகளின் திறமையை இன்று ஊரே மெச்சுகிறது, நானும்தான். ஆனால் ஊர் முன்னால் என் பழியை அவள் தன் தலையில் ஏற்றிக்கொண்டபோது மௌனமாக நின்ற அந்த நிமிடம்தான், அவள் எவ்வளவு பெரிய மனுஷி என்பதை எனக்கு இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறது.