சுவரின்மேல் போட்ட பழி

என் அம்மாவின் தொலைக்காட்சியை ஓடவிடாமல் செய்தவள் நான்தான். சுவர் அல்ல.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று வைத்தால் ஏதாவது ஒரு காரணத்தைச் சொல்லி நழுவிவிடுவேன். காரணம் சொல்வதில் நான் கெட்டிக்காரி... போகப் போக உங்களுக்கே தெரியும்.

கூலிம் நகரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் டெக்னீஷியன் நான். ஷிப்டு வேலை. எதையும் பட்டியல் போட்டுத்தான் செய்வேன். பழுது வந்தால் முதலில் பார்க்கவேண்டியது எது, அடுத்தது எது என்று எழுதிவைத்து, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவேன். வீட்டிலும் அப்படித்தான்.

சர்க்கரை நோயால் அம்மாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். குளியலறைக்குப் பக்கம் என்பதால் பின்னறைக்கு அவரை மாற்றினோம். ஒரு கட்டில், ஒரு சக்கர நாற்காலி, கால்மாட்டில் ஒரு டிவி. அவர் பார்க்கும் தொடர்கள் எல்லாம் இணையத்தின் வழியாக வருபவை. ரவுட்டரோ முன்கூடத்தில் இருந்தது. பின்னறைக்கு லைன் தட்டுத் தடுமாறித்தான் வந்தது.

நானே அதைச் சரிசெய்தேன். மீன்தொட்டிக்குப் பின்னால் கிடந்த ரவுட்டரை அலமாரியின் உச்சிக்கு ஏற்றினேன். பக்கத்து வீடுகளெல்லாம் நெரித்துக்கொண்டிருந்த அலைவரிசையிலிருந்து வேறொன்றுக்கு மாற்றினேன். அறைவாசலுக்கு நேரே, சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் சிறு பெட்டி ஒன்றைச் செருகினேன். படம் தங்குதடையில்லாமல் ஓடியது! ரவுட்டரின் பட்டியலில் அந்த டிவிக்கு 'அம்மா டிவி' என்று நானே பெயரும் வைத்தேன்.

பிறகு நானே அதைக் கெடுத்தேன்.

வேலை செய்துகொண்டே பட்டப்படிப்பு படித்துவந்தேன். ஒரு மாலை, இறுதித் திட்டத்தை இணையவழி விரிவுரையாளருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது திரையில் என் முகம் உறைந்துபோனது. குரல் விட்டு விட்டு வருகிறது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று அவர் போய்விட்டார். பின்னறை டிவியில், தொடரில் வரும் யாரோ ஒரு மாமியார் உரக்க அழுதுகொண்டிருந்தாள்.

அன்றே கைப்பேசியில் ரவுட்டரைத் திறந்து, 'அம்மா டிவி'க்குப் போகும் வேகத்துக்குக் கட்டுப்பாடு போட்டேன். அடியோடு நிறுத்தவில்லை. நிறுத்தினால் சந்தேகம் வரும். படம் தொடங்கும், சற்று ஓடும், பிறகு நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும்... அந்த அளவு.

வகுப்பு நேரத்துக்கு மட்டும் குறைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். குறைத்திருக்கலாம். நேரம் குறித்துவைக்கவும் அதில் வசதி உண்டு. ஏன் செய்யவில்லை? வீடு அமைதியாக இருந்தது. அவ்வளவுதான். ஷிப்டு முடிந்து வந்தால் அழுகை இல்லை, அதிரும் இசை இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது!

"பாப்பா... வட்டம் சுத்துது பாரு!"

அம்மா கூப்பிடுவார். போகும்போதே கைப்பேசியில் கட்டுப்பாட்டை எடுத்துவிடுவேன். ஒப்புக்கு டிவியின் பின்னால் கையைவிட்டு ஒயரைத் தொடுவேன். படம் ஓடும்.

"நீ வந்து நின்னா மட்டும் ஓடுது பாத்தியா? கைராசி! கொஞ்ச நேரம் இங்கயே ஒக்காருலா."

"படிக்கணும்மா."

"படி, படி. நான் வட்டத்தையே பாத்துக்கறேன். அதுவும் நல்லாத்தான் சுத்துது."

சிரித்தார். நானும் சிரித்தேன். என் அறைக்குத் திரும்பியதும் கட்டுப்பாட்டை மறுபடியும் போட்டேன். இப்படி எத்தனை முறை? எல்லாவற்றையும் எழுதிவைக்கிறவள், இதை மட்டும் எழுதிவைக்கவில்லை.

"படிச்ச புள்ள நீ. ஏன் வரலன்னு சொல்லு" என்று அப்பா கேட்டார்.

"சொவருதான்பா. ரெட்டைச் செங்கல். சிக்னல் பூந்து போவாது."

அந்தச் சுவர் அவர் கையால் கட்டியது. சிடாம் கிரிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், பலகைத் தடுப்பு வைத்த தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவர் அவர். அடுத்த வீட்டுக்காரர் இருமினால் இவர்களுக்குத் தூக்கம் கலையுமாம். பிறகு கூலிமுக்கு வந்து கம்பெனி பஸ் ஓட்டினார், தாமான் குடியிருப்பில் இந்த வீட்டை வாங்கினார். பின்னறையை நீட்டியபோது, லீவு நாள்களில் தானே செமெண்டு குழைத்து, இரண்டு வரிசை செங்கல் வைத்துச் சுவர் எழுப்பினார். "என் வீட்டுல ஒரு ரூம்புல பேசறது அடுத்த ரூம்புக்குக் கேக்காது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சுவரைத் தட்டிக் காட்டுவார்.

சுவர் சிக்னலைக் கொஞ்சம் தின்றது உண்மை. மிச்சம் வந்தது படம் ஓடப் போதும் என்பதும் உண்மை. முதல் உண்மையை எடுத்து இரண்டாவதன்மேல் போர்த்தினேன்.

"ஒயர் இழுத்தா?"

"நாற்காலி சக்கரத்துல மாட்டும்பா."

"இன்னொரு பொட்டி வெச்சா?"

"அதுவும் இந்தச் சொவத்தத்தானே தாண்டணும்?"

எல்லாக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது. அதற்குப் பிறகு அப்பா சுவரைத் தட்டிக் காட்டுவதை விட்டுவிட்டார்.

படிப்பு முடிந்தது. தேறினேன். கட்டுப்பாட்டை எடுக்க மறந்துவிட்டேன் என்று இங்கே எழுதலாம், நீங்களும் நம்புவீர்கள். நான் மறக்கவில்லை. திடீரென்று ஓடினால் எப்படி ஓடுகிறது என்று அப்பா கேட்பாரே! அதற்கு நல்ல பதில் ஒன்று கிடைக்கட்டும் என்று நாளைக் கடத்தினேன்.

ஒரு மத்தியானம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தால், வாசல்வரை செங்கல்பொடி. அம்மா முன்கூடத்தில் சக்கர நாற்காலியில், மூக்கில் துண்டோடு. அப்பா தலையிலிருந்து கால்வரை சிவப்பு. முன்கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவிலிருந்த சுவரில், ஒருவர் தலை தாராளமாக நுழையும் அளவுக்கு ஓட்டை!

சத்தம் கேட்டு வந்திருந்த பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா இடுப்பில் கைவைத்து நின்றார். "என்னாண்ணே, ரோட்டோர ஒட்டுக்கடை தொறக்கப் போறீங்களா? கவுண்டர் ரெடியா இருக்கு!"

துண்டுக்குள்ளிருந்து அம்மா பதில் சொன்னார். "ஆமாலா. நாசி லெமாக் சோறு அந்தப் பக்கம், தேத்தண்ணி இந்தப் பக்கம். நாளைக்கி வா."

அப்பா சிரிக்கவில்லை. அவருடைய இடது கட்டைவிரல் நகம் கறுத்துப்போயிருந்தது. "கட்டுனவனுக்கு ஒடைக்கத் தெரியாதா? போ, டிவியப் போடு" என்றார்.

முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று குளியலறைக்குப் போய்த் தாழிட்டேன். கைப்பேசியில் மூன்று தட்டல். கட்டுப்பாடு நீங்கியது. என் கை நடுங்கவில்லை... இன்றைக்கும் எனக்குப் பயமாக இருப்பது அதுதான்.

படம் ஓடியது. வட்டம் வரவேயில்லை. அம்மா கைதட்டினார். அப்பா தரையில் உட்கார்ந்து, அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப... என் சொவருதான்."

சொல்லியிருக்கவேண்டிய நேரம் அது. நான் துடைப்பத்தை எடுத்துப் பொடியைக் கூட்டினேன்.

அதற்குப் பிறகு அம்மா பதினெட்டு நாள் இருந்தார். பதினெட்டு நாளும் டிவி ஓடியது.

சாவு வீட்டில், வந்து கையைப் பிடித்த ஒவ்வொருவரிடமும் அப்பா அதையே சொன்னார். "ரெண்டு மாசத்துக்கு மேல அவள சும்மா படுக்க வெச்சிட்டேன். பெருமைக்குக் கட்டுன சொவரு..." நான் அவருக்கு ஓரடி தள்ளி நின்று, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் அவர் மனதிலுள்ள பாரம் இறங்கும். ஆனால் மகள்மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும். மனைவியை இழந்தவர் மகளையும் இழக்கவேண்டுமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பாருங்கள்... இதுவும் எவ்வளவு நல்ல பதில்!

அம்மாவின் முதல் வருசத் திதி வருகிறது. வீட்டுக்குச் சாயம் அடிக்க வேண்டும் என்று போன வாரம் அப்பா எல்லாவற்றையும் நகர்த்தினார். ஒரு வாளியில் செமெண்டு குழைத்து வைத்திருந்தார். பக்கத்தில் புதுச் செங்கல், சரியாக அந்த ஓட்டைக்கு வேண்டிய அளவு.

"அடைச்சிரலாமா பாப்பா?" என்றார். உடனே, "அடைச்சா மறுபடியும் லைன் போயிருமா?"

அந்த அறையில் இப்போது யாரும் டிவி பார்ப்பதில்லை. திரைமேல் அம்மாவின் பழைய சேலைத் துணி தொங்குகிறது. அப்படியிருந்தும் கேட்டார். படித்தவள் சொல்லட்டும் என்று, கரண்டியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்.

ஒரு சொல் போதும். "போகாதுப்பா, அடைங்க." அவ்வளவுதான். ஆனால் போகாது என்றால், அன்றைக்கு ஏன் வரவில்லை? அந்தக் கேள்வி அடுத்து வரும். வருமா? வராமலும் போகலாம். நான் பொறுத்துப் பார்க்கவில்லை.

"போயிரும்பா. இருக்கட்டும்."

அவர் தலையாட்டினார். புதுச் செங்கல்லை வெளியே கொண்டுபோய் வேலியோரம் அடுக்கினார். குழைத்த செமெண்டை வீணாக்காமல், ஓட்டையின் நான்கு விளிம்புக்கும் பூசி, சன்னல்போல நேராக்கினார். சுற்றிலும் வெள்ளை அடித்தார்.

ரவுட்டரின் பட்டியலில் 'அம்மா டிவி' இன்னும் இருக்கிறது. இணைப்பில் இல்லை என்று காட்டுகிறது. நான் நீக்கவில்லை.

பின்னறைக் கட்டிலில் இப்போது அப்பாதான் படுக்கிறார். அவர் இருமினால், அந்த ஓட்டையின் வழியே, எனக்குக் கேட்கிறது.